ஊன்றாத கால்

— ஊன்றுகட்டையை ஏன் அந்த மூலையில கொண்டுபோய்ச் சாத்தின? எட்டவே மாட்டேங்குது.

— எட்டக் கூடாதுன்னுதான். எட்டினா எழுந்திருப்ப. எழுந்தா விழுவ. விழுந்தா மறுபடி அறுக்கணும், தைக்கணும். இன்னொரு தடவை அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல என்னால உக்கார முடியாது.

— தண்ணி குடிக்கக்கூட உன்னைத்தான் கூப்பிடணுமா?

— கூப்பிடு. ஆபரேஷன் காலுக்குத்தானே, வாய்க்கு இல்லயே.

— உத்தரவு தாயே. இந்தப் பிசியோ மேடம் நம்மள மறந்துட்டாங்க போல. அந்தத் தோள்பட்டைக்காரரை எவ்வளவு நேரமா சுவத்துல விரலாலயே ஏற வைக்கிறாங்க பாரு. சிலந்தி மாதிரி ஏறுறார், பாவம்.

— அவர் வீட்ல ஒழுங்கா செய்யறார், அதான் ஏறுறார். நீ?

— நானும்தான் செய்யறேன்.

— என்னத்தைச் செய்யற? டிவி முன்னாடி காலை நீட்டிக்கிட்டு பாதத்தை முன்னாலயும் பின்னாலயும் ஆட்டுற. பாக்கறவங்க டாட்டா காட்டுறேன்னு நெனைப்பாங்க.

— சிரிக்க வைக்காத. தையல் இழுக்குது.

— தையல் பிரிச்சு எவ்வளவு நாளாச்சு. கதை விடாத.

— சரி, ஒண்ணு கேக்கட்டுமா?

— கேக்காத. என்ன கேக்கப் போறன்னு தெரியும்.

— இன்னைக்குத்தானே உங்க ஆபீஸுக்குச் சொல்லணும்?

— ஆபீஸ் மூடறதுக்குள்ள. மாத்தல் வாங்கிக்கிட்டு இந்த ஊருக்கே வர்றேனா, இல்ல அங்கயே இருக்கேனான்னு சொல்லணும். இங்க ஒரு இடம்தான் காலி. இன்னைக்கு விட்டா வேற ஆளைப் போட்டுடுவாங்க. அப்புறம் எத்தனை வருஷமோ.

— என்ன சொல்லப் போற?

— உன் கால் எப்படி இருக்குன்னு பாத்துட்டுச் சொல்றேன்.

— கால் சரியா இருந்தா வருவியா, சரியில்லாம இருந்தா வருவியா? அதைச் சொல்லு, அதுக்கேத்த மாதிரி வெச்சுக்கறேன்.

— சும்மா இரு. முதல்ல இந்த ஆஸ்பத்திரி பூட்ஸைக் கழட்டணும். நீ குனியாத. குனியாதன்னு சொல்றேன்ல? நானே கழட்டுறேன்.

— மெல்ல. அந்தப் பட்டையை மெல்ல.

— உள்ள குதிகாலை உயர்த்தறதுக்கு வெச்ச ரப்பர் ஆப்புல ஒண்ணுதான் மிச்சம். இன்னைக்கு அதையும் எடுத்துடுவாங்க. காலைப் பாரு. கெண்டைச் சதையைக் காணோம். ஏணி ஏறி ஏறிக் கல்லு மாதிரி வெச்சிருந்த கால் இது.

— உனக்கு இதே மாதிரி அறுந்தப்போ உன்னோடது இதைவிட மோசமா இருந்துச்சு. உனக்குக் கட்டுப் பிரிச்ச அன்னைக்கு நீ அழுத.

— நான் அழல.

— அழுத. 'இது என் கால் இல்ல, மாத்திட்டீங்க'ன்னு கட்டுப் பிரிச்ச ஆள்கிட்ட சண்டைக்குப் போன. அவர் பயந்து போய் உன் பேரைச் சீட்டுல சரி பாத்தார்.

— காய்ஞ்சு போன குச்சி மாதிரி இருந்துச்சுடா. தோல் வேற உரிஞ்சு. எனக்கு எப்படி இருக்கும்?

— எனக்கு அழகாத்தான் இருந்துச்சு.

— போதும்.

— சத்தியமா. அதுக்கு முன்னாடி அந்தக் கால் என்னை ஒரு பொருட்டாவே மதிச்சதில்ல. உங்க ஆபீஸ் மூணாவது மாடியில டக்கு டக்குன்னு போகும். நான் ஸ்டூல் மேல நின்னு டியூப்லைட் மாத்திக்கிட்டு இருப்பேன். 'கரண்டு, சீக்கிரம், கம்ப்யூட்டர் போடணும்'. என் பேரே உனக்கு அப்ப தெரியாது.

— கட்டடத்துல யாருக்குத் தெரியும்? எல்லாருக்கும் நீ கரண்டுதான். இப்பவும் எனக்குக் கரண்டுதான்.

— அந்த ஷட்டில் மேட்ச் மட்டும் நடக்கலைன்னா நான் இன்னும் ஸ்டூல் மேலதான் நின்னுக்கிட்டு இருப்பேன்.

— எடுக்காத அந்தக் கதையை.

— ஏன் எடுக்கக் கூடாது? அறை வாங்கினது நான்.

— நீதானே பின்னால நின்ன?

— டபுள்ஸ்ல ஒருத்தர் பின்னாலதான் நிக்கணும் தாயே. உன் கூட ஆட வேண்டிய கணக்குப் பிரிவு ஆள் வரல. ஆளில்லாம என்னை இழுத்து விட்டாங்க. மொட்டை மாடி. சாயங்கால வெயில். நீ முன்னால எம்பினே...

— குதிகால்ல படார்னு விழுந்துச்சு. சத்தமே கேட்டுச்சு. பேட்டால ஓங்கி அடிச்சிட்டான்னுதான் யாருக்கும் தோணும். டிகிரி படிச்சவ முன்னால நின்னு ஆடுறது இவனுக்குப் பொறுக்கலைன்னு நெனச்சேன்.

— விசாரணையே கிடையாது. திரும்பின, விட்ட ஒண்ணு, அதுக்கப்புறம்தான் கீழ விழுந்த. நான் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், நீ காலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க, நடுவர் யாருக்குப் பாயிண்ட் குடுக்கறதுன்னு தெரியாம முழிக்கிறார்.

— விழுந்தும் உன்னைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்.

— தூக்கிட்டு இறங்கும்போதும் திட்டின. ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வசவு.

— லிஃப்ட் ஓடலயே. லிஃப்ட் யார் வேலை?

— என் வேலைதான். அன்னைக்குக் காலையில சரி பண்ணியிருக்கணும். டீ குடிச்சுட்டுப் பண்ணலாம்னு இருந்துட்டேன். வாழ்க்கையில நான் செஞ்ச ஒரே நல்ல காரியம் அந்த டீதான்.

— சிரிக்காத. வலியில எனக்கு உயிர் போச்சு. இல்ல, வலிகூட இல்ல, அதான் பயம். வலிக்கல, ஆனா பாதம் பேச்சுக் கேக்கல. டாக்டர் குப்புறப் படுக்க வெச்சுக் கெண்டையை அமுக்கினார். நல்ல கால்ல அமுக்கினா பாதம் தானா அசையுது. இந்தக் கால்ல அமுக்கறார், அமுக்கறார், பாதம் யாரோடதோ மாதிரி சும்மா தொங்குது.

— சுவிட்ச் போடறோம், லைட் எரியல. லைன் நடுவுல கட்டாயிருக்குன்னு நான் அப்பவே டாக்டர்கிட்ட சொன்னேன்.

— சொன்ன. அவர் உன்னை வெளிய போகச் சொன்னார்.

— ஆனா சொன்னது சரிதானே?

— சரிதான். குதிகாலுக்கு மேல ஒரு பள்ளம். என் விரலைப் பிடிச்சு வெச்சுக் காட்டினார், விரல் உள்ள போச்சு. தொறந்து பாத்தா அறுந்த நரம்போட ரெண்டு முனையும் தரை துடைக்கிற மாப்பு மாதிரி நார் நாராக் கிடந்துச்சாம். அதை எல்லாம் ஒண்ணா இழுத்து வெச்சுத் தைச்சேன்னார். எங்கம்மா தலையில செங்கலை வெச்சுக்கிட்டு நாள் பூரா சாரம் ஏறினவ. அவளுக்கு ஒரு நார் அறுந்ததில்ல. வீட்லயே முதல் டிகிரி வாங்கின நான், விளையாடப் போய் அறுத்துக்கிட்டேன். அவகிட்ட சொல்லவே வெக்கமா இருந்துச்சு.

— அவங்க சொன்னது ஞாபகம் இருக்கா? 'எனக்கெல்லாம் அறுந்திருந்தா யார் தைக்கப் போறா, அதான் அறுத்துக்கல'ன்னாங்க.

— சொன்னா. சொல்லிட்டு மறுநாளே வேலைக்குப் போயிட்டா. போகாம எப்படி? லீவு குடுக்கற வேலையா அது?

— அதனாலதான் நான் வந்தேன்.

— ஆமா, வந்த.

— எனக்கு அறுந்தப்போ நான் யாரையும் அறையல, பாத்தியா?

— பின்னால ஆள் இருந்தாத்தானே அறைவ.

— அதே கட்டடம்தான். ஏணியில கடைசிப் படி, எப்பவும் போலக் குதிச்சேன். படார். திரும்பிப் பாத்தேன். சத்தியமா சொல்றேன், நீதான் சொல்லாம கொள்ளாம வந்து பின்னாலேருந்து உதைச்சிட்டியோன்னு நெனச்சேன். ஒரு நிமிஷம் சந்தோஷமாக்கூட இருந்துச்சு. பாத்தா காலி வராந்தா.

— கூட யாரையாவது வெச்சுக்கிட்டு ஏறியிருக்கலாம்ல?

— நீ போனதுலேருந்து நான் எல்லாத்துக்கும் தனியாத்தான் ஏறுறேன்.

— இதுதான் வேணாங்கறது. நடுவுல ஒரு ஊசியைச் செருகிடுவ.

— செருகல, விடு. அந்த மொட்டை நாற்காலி ஞாபகம் இருக்கா?

— இல்லாம என்ன. ஆபீஸ்ல முதுகு உடைஞ்சு கிடந்த சுத்துற நாற்காலி. முதுகை அறுத்துட்டு, உயரத்தைக் கூட்டி, மேல பஞ்சு வெச்சுத் தைச்சுக் கொண்டு வந்த. முட்டியை அது மேல வெச்சுக்கிட்டு நல்ல காலால தள்ளிக்கிட்டே போவேன்.

— மாடியில வாடகைக்கு இருந்த அந்த ஒத்தை ரூம். இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு. கீழ வீட்டுக்காரம்மா 'மேல என்ன ரயிலா ஓடுது?'ன்னு கத்துவாங்க.

— நான் 'ஆமா, இறங்கற ஆள் இருந்தா சொல்லுங்க'ம்பேன். அந்தம்மாவுக்கு என் கால்கூடப் பிரச்சினை இல்ல. தினம் ஒரு ஆம்பளை படியேறி வர்றானேங்கறதுதான் பிரச்சினை. டூல்ஸ் பையோட வா, ஒயர் வேலைன்னு சொல்லிக்கலாம்னேன்.

— எத்தனை நாளைக்குத்தான் ஒயர் வேலை? 'அந்த ரூம்ல அப்படி எத்தனை பல்பு இருக்கு?'ன்னு ஒரு நாள் கேட்டாங்களே.

— அன்னைக்குத்தான் கல்யாணம் பண்ணிக்கலாம்னு முடிவு பண்ணினோம். பல்புக் கணக்கு சொல்ல முடியாம.

— பூட்ஸோட ரெஜிஸ்டர் ஆபீஸ் வந்த பொண்ணு நீ ஒருத்திதான்.

— பூட்ஸ் கால் உயரம், செருப்புக் கால் குட்டை. நடந்தா படகு மாதிரி ஆடுவேன். நீதான் அந்தச் செருப்புக்கு அடியில ரப்பர் அட்டை மேல ரப்பர் அட்டையா ஒட்டி ரெண்டையும் ஒரே மட்டமாக்கினே. அந்தச் செருப்பை நான் இன்னும் தூக்கிப் போடல, தெரியுமா?

— எங்க வெச்சிருக்க?

— அங்க, அந்த ஊர்ல. கட்டிலுக்கு அடியில.

— வீட்டை விட்டுப் போறப்போ ரெண்டு புடவை, ஒரு செருப்பு. அந்த ஒத்தைச் செருப்பை எடுத்துட்டா போன?

— எடுத்துட்டுத்தான் போனேன். இப்ப என்ன? அப்போ கட்டில் பக்கத்துல பெல் வெச்சுக் குடுத்தியே. அழுத்தினா சமையல் ரூம்ல அடிக்கும். ஒரு தடவை அடிச்சா தண்ணி, ரெண்டு தடவை அடிச்சா டீ.

— விடாம அடிச்சா, சும்மா வந்து பக்கத்துல உக்காரு.

— அதைத்தான் அதிகம் அடிச்சேன்.

— அதைத்தான் அதிகம் அடிச்ச. பெல்லே ஒரு மாசத்துல எரிஞ்சு போச்சு.

— கரண்டு, அந்தக் கொஞ்ச நாள் மாதிரி ஒரு நாளும் வாழ்க்கையில நான் இருந்ததில்ல. யாரும் என்னை அப்படிப் பாத்துக்கிட்டதில்ல. காய்ச்சலா இருந்தாலும் எழுந்து படி, வேலைக்குப் போன்னு வளந்தவ நான். அந்தப் பெல் சத்தம் இப்பவும் காதுல கேக்குது.

— எனக்கும்தான்.

— அப்புறம் ஏன்டா கெடுத்த?

— நான் என்ன கெடுத்தேன்?

— நான் முதல் தடவை உன் தோளைப் பிடிக்காம மாடிப்படி ஏறினேன். மேல போய்த் திரும்பிப் பாத்தேன். நீ கீழ நிக்கற. கை தட்டுவன்னு நெனச்சேன். 'போதும் இறங்கு, விழுந்துடுவ'ன்ன. அவ்வளவுதான்.

— பயந்துட்டேன்.

— பயமாம். அதுக்கப்புறம் வாயைத் திறந்தா 'அவளுக்குக் கால் முடியாது'. கடைக்காரன்கிட்ட அதைத்தான் சொல்ற. உங்க அக்காகிட்ட அதைத்தான் சொல்ற. நான் அரிசி மூட்டையைத் தூக்கிட்டு வாசல்ல வந்து நிக்கறேன், நீ உள்ள உக்காந்து யார்கிட்டயோ 'அவளுக்கு ரொம்ப நேரம் நிக்க முடியாதுங்க'ன்னு போன்ல பேசிக்கிட்டு இருக்க.

— அன்புல சொன்னது.

— மேனேஜர்கிட்ட சொன்னதும் அன்புலயா?

— அதை விட மாட்டியா நீ?

— எப்படி விடுவேன்? ஆய்வாளர் வேலை. இன்சூரன்ஸ் பணம் கேட்டு வந்தா நேர்ல போய்ப் பாக்கணும். கவுந்த லாரி மேல ஏறணும், எரிஞ்ச கடைக்குள்ள நடக்கணும். எங்க கிளையில ஒரு பொம்பளை அதுவரைக்கும் போனதில்ல. என் பேரை எழுதியாச்சு. நீ மேனேஜர் ரூம்ல ஃபேன் மாட்டிக்கிட்டே, 'அவ கால் அவ்வளவா தாங்காதுங்க, பாத்துப் பண்ணுங்க'ன்னு சொன்ன. யாரும் கேக்காம. ஃபேன் மாட்டிக்கிட்டே! மறுநாள் அந்த வேலை வேற ஒருத்தனுக்குப் போச்சு.

— உனக்கு மறுபடி அறுந்துடுமோன்னு...

— என் கால் தாங்குமா தாங்காதான்னு டாக்டர் சொல்லணும், இல்ல நான் சொல்லணும். ஏணி மேல நிக்கற நீ எப்படிடா சொல்லலாம்? படிச்சு, வேலை வாங்கி, முதல் மாசச் சம்பளத்துல அம்மாவுக்கு மூக்குக் கண்ணாடி வாங்கிக் குடுத்தவ நான். ஒத்தை வரியில என்னை நொண்டி ஆக்கிட்ட.

— அதான் அடுத்த வருஷம் அதே வேலையை வேற ஊர்ல வாங்கிட்டுப் போயிட்டியே.

— போனேன். நீ தடுத்தும் போனேன். லாரி மேலயும் ஏறினேன்.

— அண்ணே! வாங்க வாங்க, ரொம்ப நேரம் உக்கார வெச்சுட்டேனா? தோள்பட்டைக்காரர் இன்னைக்கு மேல் கோட்டைத் தொட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்னுட்டார்.

— பரவாயில்ல மேடம். நாங்க பழைய கதை பேசிக்கிட்டு இருந்தோம்.

— வாசல் வரைக்கும் கேட்டுச்சு. இந்தக் கம்பிகளுக்கு நடுவுல வந்து நில்லுங்க. எதிர்ல கண்ணாடியைப் பாருங்க. நேரா, ம். நரம்பு எப்படி இருக்கு, வலி உண்டா?

— மேடம், நீங்க போன தடவைதான் 'நரம்பு இல்ல, அது சதையையும் எலும்பையும் கட்டற நாண்'னு எனக்குப் பாடம் எடுத்தீங்க.

— எல்லாரும் நரம்புன்னே சொல்லிச் சொல்லி எனக்கும் அதே வாயில வருது அண்ணே. சரி, நாண் எப்படி இருக்கு? வீட்ல கட்டை இல்லாம நடந்து பாத்தீங்களா?

— இல்ல, நான் விடல. பூட்ஸ் போட்டு, கட்டை வெச்சு, பக்கத்துல நானும் போறேன்.

— அக்கா, நான் அண்ணனைக் கேட்டேன். அண்ணே, படி ஏறி இறங்கிப் பாத்தீங்களா?

— இல்லைங்க, இவர் இன்னும் படி...

— அக்கா.

— சரி, சொல்லட்டும்.

— இவதான் மேடம் என் வாய். படி ஏறல.

— இந்நேரம் ஏறியிருக்கணும். பாருங்க அண்ணே, முதல்ல ஊனக் கூடாதுன்னோம், அது தைச்சது ஒட்டறதுக்காக. இப்ப ஒட்டியாச்சு. இனிமே ஊனாம வெச்சிருந்தாத்தான் கெடுதல். பாரம் ஏற ஏறத்தான் நாண் பலமாகும். ரொம்ப இழுத்து வளைக்கத்தான் கூடாது, நிக்கலாம், நடக்கலாம். உங்களுக்கு அப்புறம் தைச்சுக்கிட்ட ஒருத்தர் நேத்து ஆட்டோவுல தனியா வந்து போனார்.

— அவருக்குப் பாத்துக்க ஆள் இருந்திருக்காது.

— இருக்காங்க அக்கா, வீடு நெறைய. சரி, ரெண்டு காலையும் ஊனி, ரெண்டு குதிகாலையும் ஒண்ணாத் தூக்கணும். எட்டிப் பரண்ல எதையோ எடுக்கற மாதிரி. கம்பியை லேசாப் பிடிச்சுக்கலாம். தூக்குங்க.

— வரல மேடம்.

— வரும். அக்கா, நீங்க எதுக்கு இடுப்பைப் பிடிச்சிருக்கீங்க? அவர் உங்க மேல சாயறார் பாருங்க, கால் வேலையே செய்யல. கையை எடுங்க.

— விழுந்துட்டா?

— ரெண்டு பக்கமும் கம்பி, கீழ மெத்தை. விழ மாட்டார். சரி, கொஞ்சம் மூச்சு விட்டுக்கோங்க. இடுப்பு வலிக்கார அம்மா வந்துட்டாங்க, ஒரு நிமிஷம் படுக்க வெச்சுட்டு வர்றேன். அதுக்குள்ள ரெண்டு தடவை முயற்சி பண்ணிப் பாருங்க. தனியா.

— போயிட்டாங்க. என் தோளைப் பிடி. அவங்களுக்கு என்ன, வயசு சின்னது. சொல்லிட்டுப் போயிடுவாங்க.

— அவங்க சொல்றது சரிதானே? உனக்கும் இதையேதான் சொன்னாங்க. நான் போதும்னாலும் நீ அப்ப கேக்கலயே, ராத்திரி பகலா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டுக் குதிகாலைத் தூக்கிக்கிட்டே இருந்த.

— நான் வேற, நீ வேற. எனக்கு வேலை காத்துக்கிட்டு இருந்துச்சு.

— எனக்கு இல்லயா?

— உனக்கு எதுக்கு இப்ப வேலை? நான் யோசிச்சு வெச்சிருக்கேன். மாத்தல் வாங்கிட்டு வந்துடறேன். சம்பளம் போதும். நீ மறுபடி ஏணி எல்லாம் ஏற வேணாம். நம்ம வீட்டு முன் ரூம்ல சின்னதா ஒரு கடை. அயர்ன் பாக்ஸ், மிக்ஸி ரிப்பேர் பண்ணு. உக்காந்த இடத்துல. நான் சாயங்காலம் வந்து...

— வர்றேன்னா சொன்ன? இப்ப வர்றேன்னு சொன்னியா?

— இன்னும் சொல்லல. யோசிச்சிருக்கேன்னு சொன்னேன்.

— நீ வந்தா நான் கடை என்ன, கல்லு மாதிரி ஒரே இடத்துல உக்காந்துக்கறேன். ஏணி போகட்டும். ஆனா சூப்பர்வைசர் ஒரு போன்கூடப் பண்ணலயே, அதுதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. இவ்வளவு வருஷம் வேலை பாத்த இடம்.

— பண்ணினார்.

— எப்ப?

— போன வாரம். நீ தூங்கிக்கிட்டு இருந்த. உக்காந்து பாக்கற வேலை ஒண்ணு இருக்கு, மெயின் போர்டு ரூம்ல, வரச் சொல்லுங்கன்னார். இன்னும் முடியாதுங்க, நாளாகும்னு சொல்லிட்டேன்.

— என்கிட்ட சொல்லவே இல்லயே.

— சொன்னா நீ கிளம்பிடுவ.

— அதுவும் சரிதான். கிளம்பிடுவேன். ஏன் தள்ளி நிக்கற?

— ஒண்ணும் இல்ல. நானும் ஒத்தை வரியிலதான் சொல்லியிருக்கேன்.

— கோவிச்சுக்கலமா. சும்மாக் கேட்டேன். நல்லதுக்குத்தானே சொல்லியிருப்ப. முகம் ஏன் அப்படி ஆயிருச்சு?

— ஒண்ணும் இல்லன்னேன்ல. தூக்கு.

— என்னத்தை?

— குதிகாலை. தூக்கு. நான் கையை எடுத்துட்டேன்.

— நீ பிடிச்சுக்கோ, பயமா இருக்கு.

— பிடிக்க மாட்டேன். கம்பி இருக்கு. தூக்கு கரண்டு.

— மேடம் வந்தப்புறம்...

— இப்ப தூக்கு. என் கண்ணு முன்னால.

— சரி, கத்தாத. ம்ம்... அய்யோ... நடுங்குது. நடுங்குதுடி...

— நடுங்கட்டும். இன்னும்.

— வருது... ஏய், வருது! கண்ணாடியில பாரு! தரையை விட்டு எழும்பிருச்சு!

— அண்ணே! சூப்பர்! நான்தான் சொன்னேன்ல? இடுப்பு வலிக்காரம்மாகூட எட்டிப் பாக்கறாங்க பாருங்க. மெதுவா இறக்குங்க, தொப்புன்னு போடாதீங்க. அவ்வளவுதான். இன்னொரு தடவை. ம்! அக்கா, அண்ணனுக்கு இனிமே ஆள் வேணாம். அந்த ஆப்பையும் எடுத்துடலாம். அடுத்த வாரம் சாதாரண ஷூவுல, தனியாவே வரச் சொல்லுங்க. லேசான வேலையா இருந்தா போகலாம்னும் டாக்டர்கிட்ட நான் பேசறேன்.

— பாத்தியா? லைன் வந்துருச்சு! சுவிட்ச் போட்டா லைட் எரியுது! எங்க போற? போனை எடுத்துட்டு எங்க... ஆபீஸுக்கா? இங்கயே பேசேன், நானும் கேக்கறேன்.

— ஹலோ, வணக்கம் சார். நான்தான். அந்த மாத்தல் விஷயம்... ஆமா சார். இல்ல சார், எனக்கு வேணாம். அங்கயே இருக்கேன்... இல்ல, அவருக்கு நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. நாளன்னைக்கு வேலைக்கு வந்துடறேன் சார்.

— என்ன சொன்ன இப்ப?

— கேட்டுச்சுல்ல?

— வர்றேன்னியே. கடை, முன் ரூம்னு எல்லாம் சொன்னியே. நான் எழுந்து நிக்காம இருந்திருந்தா இருந்திருப்ப, இல்ல? அப்ப தூக்குன்னு ஏன் அந்தக் கத்துக் கத்தின?

— இரு, பூட்ஸை மாட்டு. இல்ல, நான் மாட்ட மாட்டேன். நீயே குனிஞ்சு மாட்டு.

— இன்னும் அந்த மேனேஜர் விஷயம்தானே? ஃபேன் மாட்டிக்கிட்டே சொன்னது. அந்தக் கோவம் உனக்குச் சாகுற வரைக்கும் போகாது.

— அது போயிருச்சுடா. கொஞ்ச நேரம் முன்னாடி, இங்கயே, போயிருச்சு.

— போயிருச்சுன்னா அப்புறம் ஏன் போற?

— உன் குதிகால் மேல எழும்பினப்போ, இவன் இன்னும் கொஞ்ச நாள் முடியாமலே கிடந்திருக்கக் கூடாதான்னு எனக்குத் தோணுச்சு.